டர்பனில் ஒரு பழைய சுசுகி: தார் ரோட்டுக்கும் மலைக்கும் ஒரே வண்டி

என்னிடம் இருப்பது 1985 மாடல் சுசுகி எஸ்ஜே410. இந்தியாவில் இருப்பவர்களுக்கு மாருதி ஜிப்சி என்றால் சட்டென்று புரியும். இதே வண்டியைக் கொஞ்சம் நீட்டித்தான் 1985 கடைசியில் அங்கே ஜிப்சியாக இறக்கினார்கள். என்னுடையது குட்டை, அச்சுக்கு அச்சு இரண்டு மீட்டரும் சொச்சமும்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். வார நாட்களில் இதில்தான் வேலைக்குப் போகிறேன், லீவு கிடைத்தால் டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம். தைப்பூசத்தன்று பின்சீட்டைக் கழற்றிவிட்டு அம்கேனி ரோடு கோயிலுக்கு அன்னதானப் பாத்திரங்களும் இதில்தான் போகும்.

டிரெய்லரில் ஏற்றிக்கொண்டுபோய் மலையில் இறக்கும் வண்டி எனக்கு வேண்டாம். தன் சொந்த நம்பர் பிளேட்டோடு என்3 நெடுஞ்சாலையில் ஓடிப்போய், கல்லில் ஏறி இறங்கி, அன்று இரவே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வண்டியில் நான் செய்த ஒவ்வொரு வேலையும் இந்த ஒரு கணக்கில்தான் முடிவானது.

டோங்காட்டில் ஒரு பெரியவர் பட்டறை வைத்திருக்கிறார். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். பேச்செல்லாம் ஆங்கிலம்தான், நடுநடுவே தமிழ் வரும். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் பெரிய டயர் பற்றிக் கேட்டேன். "டயர் அப்புறம் தம்பி, முதல்ல பிரேக்" என்றார். ஆரம்ப கால எஸ்ஜே410-இல் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஆற்றில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் நின்றுவிடும், பெடலை மிதித்தால் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் வந்த எஸ்ஜே410-களில் முன்பக்கம் டிஸ்க் வந்துவிட்டது. அந்தச் சாமான்களைத் தேடிப் பிடித்து மாட்டினோம். பின்பக்கம் இன்னும் டிரம்தான். தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே சிறிது தூரம் ஓட்டிக் காயவைக்கிறேன்.

அடுத்தது எஞ்சின். 970 சிசி, நாலே கியர். மோசமான எஞ்சின் என்று சொல்லவே மாட்டேன், கல்லிலும் மண்ணிலும் அதுவே போதும். தொல்லை தார் ரோட்டில்தான். கியர் பெட்டிக்குப் பின்னால், எஞ்சின் பலத்தை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதில் ரோட்டுக்கு ஹை ரேஞ்ச், கல்லில் மெதுவாக ஏற லோ ரேஞ்ச். இந்த வண்டியில் ஹை ரேஞ்சே நேர் விகிதம் கிடையாது, சுமார் 1.58-க்கு 1. அதனால் நாலாவது கியரில் 100 கி.மீ. தொட்டால் எஞ்சின் 5,000 சுற்றை நெருங்கிவிடும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி 'டவுன் ஹில்' என்ற பெயரில் ஒரு ஏற்றம் வரும். பின்னால் லாரி நெருக்க, மூன்றாவது கியரில் அலறிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது.

இதற்கு அடுத்த மாடலான எஸ்ஜே413-இன் 1324 சிசி எஞ்சினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் ஜோடியாகவே வாங்கி வைத்தோம். இந்த வண்டிகளில் கியர் பெட்டி தனி, டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி, இரண்டுக்கும் நடுவே குட்டியாக ஒரு ஷாஃப்ட். அதனால் பின்னால் இருக்கும் எதையும் தொடாமலே முன்னால் மாற்ற முடிந்தது. இப்போது 100-இல் எஞ்சின் 4,000 சுற்றுக்குள் அடங்குகிறது. நான் ஓட்டுவது பெரும்பாலும் 90-இல். பெட்ரோல் லிட்டருக்கு 10, 11 கி.மீ. கிடைக்கிறது.

எஞ்சினை மாற்றினால் வேலை பட்டறையோடு முடியாது. தென்னாப்பிரிக்காவில் எஞ்சின் நம்பர் பதிவேட்டில் ஏற வேண்டும், அதற்கு போலீஸ் கிளியரன்ஸ் வேண்டும். மாட்டும் செகண்ட் ஹேண்ட் எஞ்சினை எங்கே வாங்கினீர்கள் என்ற ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ரசீது இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் எஞ்சினைத் தொடவே தொடாதீர்கள். அது திருட்டு வண்டியிலிருந்து இறக்கியதாக இருந்தால் உங்கள் வண்டியும் சேர்ந்து மாட்டும்.

வண்டிக்குச் செய்ததிலேயே பெரிய பலன் கொடுத்தது எது என்று கேட்டால், யோசிக்காமல் லோ ரேஞ்ச் கியர் என்பேன். கம்பெனியில் வந்தது ஏறத்தாழ இரண்டரைக்கு 1. இப்போது இருப்பது நாலுக்குச் சற்று மேல். முன்பு முதல் கியரில் எஞ்சின் 37 சுற்றுப் போட்டால் சக்கரம் ஒருமுறை சுற்றும், இப்போது 60 சுற்றுக்கு மேல் போட வேண்டும். ஐடிலில் விட்டால் வண்டி மணிக்கு இரண்டு கி.மீ.கூடப் போகாது. ஒரு பெரிய கல்லுக்கு முன்னால் கிளட்சை முழுக்க விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்தும் காலை எடுத்துவிடுவேன். முன் டயர் கல்லின் விளிம்பைத் தொடும், ரப்பர் நசுங்கும், ஒரு நொடி வண்டி நின்றதுபோலத் தெரியும். அப்புறம் பானெட் மெல்ல மேலே எழும்பும். கிளட்ச் கருகும் வாசனை அதன்பிறகு எனக்கு வந்ததே இல்லை. இறக்கத்தில் இன்னும் நல்லது. பிரேக் மிதிக்காமல், சக்கரம் வழுக்காமல், எஞ்சினே பிடித்து இறக்கிவிடும்.

இந்தக் கியர் போட்ட பிறகு டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளைக் கவனிக்க வேண்டும். திருகுவிசை கூடிவிட்டதால் பெட்டி முறுக்கிக்கொண்டு ரப்பரைக் கிழிக்கும். எனக்கு ஒரு மவுண்ட் கிழிந்து, வேகம் எடுக்கும்போது தரை அதிர ஆரம்பித்தது. இப்போது பெட்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு கூடுதல் பிராக்கெட் வைத்திருக்கிறோம்.

டயர் 215/75 ஆர்15, ஆல் டெரெய்ன். கம்பெனி அளவை ஒட்டியே இருக்கிறது. நண்பர்கள் 31 அங்குலம் போடு என்று இன்னும் சொல்கிறார்கள். அது வெளிவட்டத்தில் 12 சதவீதம் பெரியது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 112-இல் போகும், ஐந்தாவது கியர் வீணாகும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் மட்கார்டில் உரசும். ஆயிரம் கிலோவுக்கும் கீழே இருக்கும் வண்டிக்கு அவ்வளவு பெரிய டயர் தேவையும் இல்லை. காற்றழுத்தத்தை 1 பாருக்கு இறக்கினால் இந்தச் சின்ன டயரே கல்லைப் பிடித்துக்கொள்கிறது. தார் ரோடு ஏறும் முன் திரும்ப அடித்துவிட வேண்டும், அதற்கு ஒரு கம்ப்ரெஸர் சீட்டுக்கு அடியில்.

உயரத்திலும் அப்படித்தான். அச்சுக்குக் கீழே இருக்கும் லீஃப் ஸ்பிரிங்கை (பட்டை வில்லை) அச்சுக்கு மேலே மாற்றி, ஒரே அடியில் ஐந்து அங்குலம் தூக்குவது இந்த வண்டியில் பலரும் செய்வது. அகலம் குறைந்த வண்டி இது. 1988-இல் ஒரு அமெரிக்க நுகர்வோர் இதழ், இதன் உடன்பிறப்பான சாமுராய் எளிதில் கவிழும் என்று எழுதி, வழக்காகி, 2004-இல்தான் சமரசமானது. அந்தச் சோதனை சரியா தவறா என்பது கிடக்கட்டும், குறுகலான வண்டியைத் தேவைக்கு மேல் தூக்கினால் பக்கச் சரிவில் என்ன ஆகும் என்பதற்குச் சோதனையே வேண்டாம். மெல்லிய பட்டைகள் கொண்ட மிருதுவான ஸ்பிரிங், 50 மி.மீ. உயரம், அவ்வளவுதான் போட்டேன். சக்கரம் நன்றாகத் தொங்குகிறது, ரோட்டில் ஸ்டியரிங் நேராக நிற்கிறது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனையில் ஆள் அடியில் நின்று ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் ஆட்டிப் பார்த்தார், ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை.

இதையெல்லாம் ஒன்றாகப் பரீட்சிக்கும் இடம் சானி பாஸ். ஹிம்வில்லிலிருந்து பக்கத்து நாடான லெசோத்தோவின் எல்லைக்கு ஏறும் மலைப்பாதை, உச்சி 2,870 மீட்டருக்கு மேல். நாலு சக்கர இழுவை இல்லாத வண்டியைத் தென்னாப்பிரிக்கச் சோதனைச்சாவடி மேலே விடாது. மாலை ஆறு மணிக்கு எல்லை மூடிவிடும், பாஸ்போர்ட் மறக்கக் கூடாது. அடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்கி, முன்சக்கரங்களும் இழுக்க வேண்டும் என்பதற்காக அவற்றின் நடுவில் இருக்கும் ஹப் இரண்டையும் கையால் 'லாக்' பக்கம் திருகிவிட்டு ஏறுவேன். உச்சியில் காற்று மெலிந்து எஞ்சின் பலத்தில் கால்வாசி போய்விடும், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அதிகமாகிக் கறுப்புப் புகை வரும். பலம் போனாலும் லோ கியர் இருப்பதால் கடைசி ஊசி வளைவுகளில் வண்டி நிற்பதில்லை. திரும்பி வந்து தார் ரோடு தொட்டதும் நாலு சக்கர இழுவையை எடுத்துவிட வேண்டும். முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத வண்டி, பிடிமானமுள்ள தரையில் வளைத்தால் அச்சும் ஷாஃப்டும் முறுக்கிக்கொள்ளும்.

கடற்கரையில் ஓட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடாது. 2001 கடைசியிலேயே தடை விதி வந்துவிட்டது, பெர்மிட் இல்லாமல் மணலில் வண்டி இறக்குவது குற்றம். அந்தத் தடை நியாயமானது என்றே நினைக்கிறேன், ஆமையும் பறவையும் முட்டையிடும் இடம் அது.

வாங்க நினைப்பவர்கள் எஞ்சினைக் கேட்டு மயங்க வேண்டாம், எஞ்சின் கிடைக்கும். டர்பன் உப்புக்காற்றில் துருதான் இந்த வண்டியைத் தின்கிறது. உள்ளே தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்து, பின்சக்கர வளைவிலும் சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடத்திலும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அப்புறம் முன்சக்கரம் திரும்பும் உருண்டைக்குப் பின்னால் துடைத்துப் பாருங்கள். கிரீஸும் எண்ணெயும் கலந்து வழிந்தால் சீல் போய்விட்டது, உள்ளே பேரிங்கும் தண்ணீர் குடித்திருக்கும். ஸ்டியரிங் 60, 70-இல் உதறுவதற்குப் பெரும்பாலும் அந்தப் பேரிங்தான் காரணம். நான் இந்த மழைக்காலத்துக்கு முன் இரண்டு பக்கமும் பிரித்துப் புதிதாகப் போடப் போகிறேன்.