காண்டாமிருக வண்டு வளர்க்க எருவா, மக்கிய தென்னை மரமா?

வீட்டில் காண்டாமிருக வண்டு வளர்க்க நினைப்பவர்களுக்கு முதலில் வரும் கேள்வி, புழுவை எதில் விடுவது என்பதுதான். மதுரைப் பக்கம் சுலபமாகக் கிடைப்பவை இரண்டு. ஒன்று, நன்றாக மக்கிய மாட்டு எரு. இன்னொன்று, பட்டுச் சாய்ந்து மக்கிப்போன தென்னை மரத்தின் உட்பகுதி. இரண்டிலும் வளர்த்துப் பார்த்துவிட்டேன். இப்போது என்னிடம் இருக்கும் பெயிண்ட் வாளிகள் அத்தனையிலும் தென்னைத் தூள்தான் இருக்கிறது. எருவை ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் விட்டேன்.

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை என்றால், வண்டின் வளர்ச்சி முழுக்கப் புழுப் பருவத்திலேயே முடிந்துவிடுகிறது. முட்டை எட்டு முதல் பன்னிரண்டு நாளில் பொரியும். புழு மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை தின்றுகொண்டே இருக்கும். அப்புறம் இரண்டு மூன்று வாரம் கூட்டுப்புழு. வண்டாகி வெளியே வந்தபின் அது ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. ஆணின் கொம்பு எவ்வளவு நீளம் என்பதையும் புழு தின்ற சாப்பாடுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

செலவு, நாற்றம் இதையெல்லாம் சட்டென்று சொல்லிவிடலாம். எரு மூட்டைக் கணக்கில் எங்கும் கிடைக்கும். தென்னைக்குத் தோப்புப் பக்கம் போக வேண்டும். நன்றாக மக்கியிருந்தால் இரண்டுமே நாறாது. எருவில் நுண்ணிய உண்ணிகளும் சிறு ஈக்களும் சீக்கிரம் வரும், மரத்தூளில் குறைவு.

வளர்ச்சியில் எருதான் முந்துகிறது, அதை மறைக்க முடியாது. மரத்தில் தழைச்சத்து குறைவு. எருவில் புழு வேகமாகப் பருக்கும், தோலுக்கு அடியில் வெள்ளைக் கொழுப்பு திரண்டு தெரியும். ஆனால் எரு முழுதாக மக்கியிருக்க வேண்டும். அரைகுறை எருவைத் தண்ணீர் தெளித்து வாளியில் அடைத்தால் உள்ளே மறுபடி சூடேறும். கத்திரி வெயிலில் மாடி அறை ஏற்கெனவே கொதிக்கும்போது அந்தச் சூடும் சேர்ந்தால் புழு தாங்காது. எதில் வளர்த்தாலும் வாளியைத் தரைத்தளத்தில், வெயில் படாத சுவரோரம் வையுங்கள்.

சரி, எருவை விட்ட காரணத்துக்கு வருகிறேன். எரு எங்கிருந்து வந்தது, அதில் யார் என்ன கலந்தார்கள் என்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

நாம் ஆசையாக வளர்க்கும் இந்த வண்டு தென்னை விவசாயிக்குப் பெரிய எதிரி. குருத்தைக் குடைந்து சாற்றைக் குடிக்கும். விரியும் மட்டை கத்தரித்த விசிறியாக நிற்கும். அது முட்டையிடுவது குப்பைக்குழி, எருக்குழி, செத்த தென்னை மரம் போன்ற இடங்களில்தான். அதனால் எருக்குழியில், புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையைக் கலக்கச் சொல்லி வேளாண் துறை நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. மெட்டாரைசியம் என்று பாக்கெட்டில் விற்பது இதுதான். ருஷ்யாவில் தானியப் பயிரைத் தின்ற ஒரு வண்டின் மேல் இந்தப் பூஞ்சையைப் பார்த்து, 1879-இலேயே பூச்சிக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதியவர் உயிரியலாளர் மெச்னிகாஃப். மனிதருக்கும் மாட்டுக்கும் மண்புழுவுக்கும் பயமில்லாத நல்ல பொருள். விவசாயி அதைப் போடத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குழி எரு நம் வாளிக்கு வந்தால் கதை முடிந்தது.

எனக்கு வந்தது. வாடிப்பட்டிப் பக்கத் தோப்பு ஒன்றில் வாங்கிய எரு, கறுப்பாக, பொலபொலவென்று, பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. கொஞ்ச நாளில் பெரிய புழு ஒன்று மேலேயே வந்து கிடந்தது. விரலால் தொட்டால் வழக்கமாகச் சுருண்டு தாடையைக் காட்டும், இது அசையவில்லை. அடுத்து உடம்பு சுண்ணாம்புக் கட்டி போல விறைத்தது. கால் மூட்டுகளிலும் உடல் மடிப்புகளிலும் வெள்ளைப் பூஞ்சை அரும்பியது. பிறகு அந்த வெள்ளை அப்படியே பாசிப்பச்சைத் தூளாக மாறியது. அந்தத் தூள் முழுக்க வித்துகள். வித்து தோலில் ஒட்டி முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போய்ப் பரவும்; புழு அதைத் தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. புழுவுக்கு இதமான ஈரமும் மிதமான சூடும்தான் பூஞ்சைக்கும் இதம். அதனால் பராமரிப்பைச் சரியாகச் செய்யச் செய்ய நோயும் நன்றாகப் பரவுகிறது. அந்த வாளியில் ஒரு புழுவும் மிஞ்சவில்லை. தோட்டக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் தன் மரத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

இன்னொன்று மாட்டுக்குக் கொடுக்கும் மருந்து. குடற்புழு, உண்ணியை ஒழிக்கும் ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாட்டின் சாணத்தில் அந்த மருந்து வாரக்கணக்கில் வெளியேறும். சாணத்தில் வாழும் பூச்சிகளின் புழுக்களை அது கொல்லும். மக்கி முடித்த எருவில் எவ்வளவு மிஞ்சும் என்பது காய்ந்த விதத்தையும் வெயிலையும் பொறுத்தது. எந்த மாட்டுக்கு எப்போது ஊசி போட்டார்கள் என்று எரு விற்பவரிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது, பல வீட்டுச் சாணம் ஒரே குவியலில் கிடக்கும்.

தென்னை மரத்தில் இந்தக் குழப்பம் பெரிதும் குறைகிறது. ஒரே மரம், ஒரே இடம். சோழவந்தான் பக்கம் தோப்பு வைத்திருப்பவரிடம் கேட்டால் அந்த மரத்துக்கு என்ன ஆனது, மருந்து ஏதும் வைத்தார்களா என்று வரலாறே சொல்லிவிடுவார். குருத்தழுகலில் செத்ததா, காற்றில் சாய்ந்ததா, இடி விழுந்ததா என்பதுவரை நினைவு வைத்திருப்பார்கள். வேர் வழியாகப் பூச்சிமருந்து கட்டிய மரமென்றால் நான் தொடுவதில்லை. கேட்டபோது ஒரு பெரியவர், “இதைப் போயி வளக்குறியாப்பா? என் தோப்புக்குள்ள மட்டும் பறக்க விட்றாதே” என்று சொல்லிவிட்டு, மரத்தைச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். செத்த மரம் கிடந்தால் வண்டு அதில் பெருகும் என்பதால் யாராவது அப்புறப்படுத்தினால் அவர்களுக்கும் நிம்மதி.

எடுக்கும்போது வெளிப்பக்க வைரத்தை விட்டுவிட்டு, கையால் பிசைந்தால் நாராகப் பிரிந்து உதிரும் உட்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். செம்பழுப்பு நிறமும் மழை பெய்த மண் வாசனையும் இருந்தால் பதம் சரி. புளித்த வாடை வந்தால் இன்னும் மக்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே புழு இருந்தால் அவற்றைத் தொட்டுப் பாருங்கள். கொழுகொழுவென்று சுருண்டால் அந்த மரம் நல்ல மரம் என்று புழுவே சான்று சொல்கிறது.  மெட்டாரைசியம் மண்ணில் இயல்பாகவும் இருப்பதுதான், மரத்தில் வரவே வராது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதனால் தூளைத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பிச் சித்திரை வெயிலில் நன்றாகக் காய வைத்துவிட்டுத்தான் பயன்படுத்துகிறேன். அந்த வெயிலின் சூடும் புற ஊதாக்கதிரும் வித்துகளைக் குறைக்கும்.

காய்ந்த தூளை மறுபடி நனைக்கும்போது கைப்பிடியில் இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. மதுரைக் காற்றில் மேற்பரப்பு சீக்கிரம் உலரும். கால் பங்கு கழுவிய தென்னை நார்க்கழிவு கலந்தால் ஈரம் நிற்கும். நார்க்கழிவை மட்டும் போட்டு வளர்க்க முடியாது, அதில் சத்தில்லை. வாளிக்கு அடியில் ஒரு சாண் உயரம் தூளை அழுத்தி நிரப்புங்கள். முற்றிய புழு அங்கே இறங்கி முட்டை வடிவில் கூடு கட்டும். மரத்தூளின் நார் பிணைந்து அந்தக் கூட்டுச் சுவர் உடையாமல் நிற்கிறது. எருவில் ஈரம் குறைந்தால் சுவர் உதிரும், கூட்டுப்புழு சாய்ந்தால் இறக்கை கோணலாக வரும்.

எனக்கு அனுபவம் குறைவான இடமும் ஒன்று இருக்கிறது. தூய மரத்தூளிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் வண்டின் அளவு சிறுத்துக்கொண்டே போகுமா என்று சொல்ல எனக்கு இன்னும் போதிய தலைமுறைகள் ஆகவில்லை. இதுவரை வந்த ஆண்கள் எருவில் வளர்ந்தவற்றைவிடச் சற்றே சிறியவை, ஆனால் குறையில்லாதவை. சத்து போதவில்லை என்று தோன்றினால் வேப்பிலை, தேக்கு கலக்காத மக்கிய சருகைச் சேர்க்கலாம்.

எதில் வளர்த்தாலும் மூடியைக் கம்பி வலையால் இறுக்குங்கள், இரவில் விளக்கைப் பார்த்துப் பறக்கும். பெண்ணின் பின்முனையில் செம்பழுப்பு மயிர்க்கற்றை தெளிவாகத் தெரியும், பிரித்து வைப்பது எளிது. வாழைப்பழமும் கரும்புத் துண்டும் போதும். அதிகமான புழுக்களைக் கோழி வளர்ப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். தென்னை இருக்கும் பக்கம் எந்த வண்டையும் வெளியே விடாதீர்கள்.

வீட்டிலேயே மாடு கட்டி, அதற்கு என்ன மருந்து போட்டோம் என்று நாமே குறித்து வைத்திருந்தால் மட்டும் கணக்கு மாறும். அந்தச் சாணம் ஆறு மாதத்துக்கு மேல் மக்கியிருந்தால் அதைத்தான் நானும் முதலில் எடுப்பேன்.