மாருதி 800-இன் எஃப்8பி இன்ஜின்: கார்பரேட்டரில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாலைக்கு வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் பாடி மாறியது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டர் போய், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது, ஆனால் அடிப்படை இன்ஜின் சுசுகியின் எஃப்8பி-தான். நடுவில் சில காலம் 12 வால்வு மாடல் ஒன்று விற்றது. அதன் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் உள்ள பாகம்) வேறு என்பதால் இங்கே சொல்வதை அப்படியே அதற்குப் பொருத்தக் கூடாது.

எஃப்8பி 796 சிசி, 3 சிலிண்டர் இன்ஜின். போர் (சிலிண்டர் விட்டம்) 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 72 மி.மீ. சிலிண்டருக்கு 2 வால்வு, ஹெட்டின் மேல் ஒரே கேம்ஷாஃப்ட், அதை ஓட்டுவது டைமிங் பெல்ட். ஃபயரிங் ஆர்டர் 1-3-2. எம்பிஎஃப்ஐ வண்டியில் 5000 ஆர்பிஎம்மில் 37 பிஎச்பி, 2500 ஆர்பிஎம்மில் 59 நியூட்டன் மீட்டர் டார்க். டார்க் இவ்வளவு கீழேயே கிடைப்பதால்தான் ஊருக்குள் மூன்றாவது கியரிலேயே வண்டி இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுவை குறையும்போது பட்டறையில் முதலில் திருகுவது கார்பரேட்டர் ஸ்க்ரூவைத்தான். பல வண்டிகள் கெட்டதே அங்கேதான். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்), டேப்பெட் (வால்வுக்கு மேல் விடும் இடைவெளி), இக்னிஷன், பெட்ரோல் வரத்து ஆகியவற்றைப் பார்த்த பிறகுதான் கார்பரேட்டர். இந்த வரிசையை மாற்றினால் காசும் போகும், கோளாறும் போகாது.

கம்ப்ரஷன் பார்ப்பது எளிது. இன்ஜின் நன்றாகச் சூடானதும் மூன்று பிளக்கையும் கழற்றுங்கள். இக்னிஷன் காயில் வயரைப் பிரித்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜ் வைத்துப் பாருங்கள். மூன்றுக்கும் இடையே வித்தியாசம் 14 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அந்தப் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

எஃப்8பியை உண்மையில் கொல்வது சூடு. ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் சிறியது. நம் ஊரில் போர்வெல் தண்ணீரை ஊற்றியே ஓட்டுகிறார்கள். அதிலிருக்கும் சுண்ணாம்பு ரேடியேட்டர் டியூப்பில் படிந்து அடைக்கிறது. நெடுஞ்சாலையில் காற்று கிடைக்கும்வரை ஒன்றும் தெரியாது. டிராஃபிக்கில் ஏசி போட்டு நின்றால் சூடு காட்டும் முள் ஏறும். அப்போது முதலில் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் தெர்மோ சுவிட்சின் வயர்களைக் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துப் பாருங்கள். அப்போது ஃபேன் ஓடினால் சுவிட்ச் போயிருக்கிறது. ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது தீர்வே இல்லை. இன்ஜின் போதிய சூட்டுக்கே வராமல் பெட்ரோல் குடிக்கும், சிலிண்டர் போரும் சீக்கிரம் தேயும்.

ஒருமுறை நன்றாகக் கொதித்த இன்ஜினில் ஹெட் வளைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். ரேடியேட்டரில் குமிழி வருவது, கூலன்ட் காரணமில்லாமல் குறைவது, ஆயில் மூடிக்கு அடியில் பால் விட்ட காபி நிறத்தில் பசை படிவது ஆகியவை அடையாளங்கள். ஹெட்டைக் கழற்றினால் ஸ்ட்ரெய்ட் எட்ஜை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவாக்கிலும் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் நுழைந்தால் ஃபேஸ் கட்டிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது) தேவை. வளைவை எடுக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே வெட்டச் சொல்லுங்கள். அதிகம் வெட்டினால் கம்ப்ரஷன் ஏறி நாக்கிங் வரும், ஹெட் கீழே இறங்குவதால் கேம் டைமிங்கும் சற்றுப் பின்தங்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று கட்டமாக, டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்க வேண்டும். இந்த வேலையில் 'கை அளவு' என்ற பேச்சுக்கு இடமில்லை.

டேப்பெட் விஷயத்தில் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். சத்தம் வந்தால் கவலை, சத்தமில்லாவிட்டால் நிம்மதி. ஆனால் சத்தமே இல்லாத டேப்பெட்தான் வால்வை எரிக்கும். வால்வு சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறும், இடைவெளி குறையும். கடைசியில் வால்வு முழுக்க மூடாது. சீட்டில் உட்கார்ந்தால்தான் எக்ஸாஸ்ட் வால்வின் சூடு இறங்கும். உட்காராவிட்டால் விளிம்பு கருகிவிடும். எல்பிஜி போட்ட வண்டிகளில் இது வேகமாக நடக்கும். அவற்றுக்கு 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டேப்பெட் பார்த்தே ஆக வேண்டும்.

இன்ஜின் முழுக்க ஆறிய நிலையில் இடைவெளி சுமார் 0.15 மி.மீ. பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்கைக் கையால் சுற்றுவது சுலபம். முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் டிடிசிக்கு (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) கொண்டுவந்து அதன் இரண்டு வால்வுக்கும் இடைவெளியை வையுங்கள். பிறகு கிராங்கை 240 டிகிரி சுற்றினால் மூன்றாவது சிலிண்டர், இன்னொரு 240 டிகிரியில் இரண்டாவது. லாக் நட்டை இறுக்கிய பின் ஃபீலர் கேஜை மறுபடி விட்டுப் பாருங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து நகர்ந்திருக்கும்.

இக்னிஷனில், ஆரம்ப கால வண்டி என்றால் பாயின்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. பாயின்ட் சீக்கிரம் சீக்கிரமாகக் கருகினால் கண்டன்சரை மாற்றுங்கள். கார்பரேட்டர் வண்டியின் பிளக் கேப் 0.7 முதல் 0.8 மி.மீ. மழை நாளில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உள்ளே முடி போன்ற கருங்கோடு தெரிந்தால், கரண்ட் அந்த வழியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. துடைத்துப் போடுவதில் பயனில்லை, மூடியை மாற்றுவதுதான் வழி.

இதே டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் இன்னொரு தொல்லை உண்டு. அது உட்காரும் கியர் கேஸ் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் இருக்கிறது. அதன் ஓ-ரிங் கெட்டியானால் ஆயில் கசிந்து கியர்பாக்ஸ் மேல் வழியும். கீழே இருந்து பார்க்கிறவர்கள் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் என்று நினைத்து கியர்பாக்ஸையே இறக்கிவிடுவார்கள். மேலே துடைத்துவிட்டு சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தாலே கசிவு எங்கிருந்து என்பது தெரிந்துவிடும். கியர் கேஸைக் கழற்றி மாட்டினால் அதற்குள் சிறிது இன்ஜின் ஆயில் விட மறக்காதீர்கள்.

கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் மெக்கானிக்கல், கேம்ஷாஃப்ட் தள்ளி ஓடுவது. உள்ளே டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால், முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அந்த நிமிடமே வண்டியை நிறுத்துங்கள். நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் தாங்காது. பம்பையும் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் இப்போது கார்பரேட்டருக்கு வரலாம். ஐட்லிங்கில் மட்டும் ஆஃப் ஆகிறதென்றால் முதலில் ஐட்லிங் பெட்ரோலைத் திறந்து மூடும் சொலினாய்டு. சாவியை ஆன் செய்து அதன் வயரைப் பிடுங்கிச் சொருகினால் 'டிக்' சத்தம் கேட்க வேண்டும். அதற்கு அடுத்து கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் இன்சுலேட்டர். அது விரிசல் விட்டிருந்தால் எவ்வளவு ட்யூன் செய்தாலும் ஐட்லிங் நிலைக்காது. காற்று-பெட்ரோல் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவை இன்ஜின் சூடாக இருக்கும்போது, விளக்கும் ஏசியும் அணைத்துவிட்டு வையுங்கள். ஆர்பிஎம் அதிகபட்சம் ஏறும் இடத்தில் நிறுத்தி, ஐட்லிங் ஸ்க்ரூவால் 850 முதல் 950க்குள் இறக்குங்கள். மைலேஜுக்காக ஜெட்டைச் சிறிதாக்கும் வேலைக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். கலவை மெலிந்து சூடு ஏறி, வால்வும் பிஸ்டனும்தான் அதற்கு விலை கொடுக்கும்.

டைமிங் பெல்ட்டை 1 லட்சம் கி.மீ. வரை விடாமல் 80,000க்கே மாற்றுவது நல்லது. குறைவாக ஓடும் வண்டியில் கி.மீ. கணக்கு உதவாது, 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெல்ட்டில் ஆயில் பட்டிருந்தால் கேம், கிராங்க் சீல்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். டென்ஷன் வைக்கும் முன் டேப்பெட் ஸ்க்ரூக்களை எல்லாம் தளர்த்துவது அவசியம். இல்லையென்றால் வால்வு ஸ்பிரிங் கேமைத் தள்ளிப் பொய்யான டென்ஷன் காட்டும். மார்க்குகளைச் சேர்த்து, கிராங்கை வலச்சுற்றாக இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க் மாறவில்லை என்று பார்த்த பிறகே டென்ஷனர் போல்ட்டை இறுக்குங்கள். டேப்பெட்டைத் திரும்ப வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம்.

எம்பிஎஃப்ஐ வண்டிகளில் தொல்லை குறைவு. த்ராட்டில் பாடியில் கார்பன் படிந்தால் ஐட்லிங் ஏறி இறங்கும், சுத்தம் செய்தால் சரியாகிவிடும். பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருந்துதான் தன் சூட்டை ஆற்றிக்கொள்கிறது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் அது சீக்கிரம் போகும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்பரேட்டர் கிட் மூன்றும் எத்தனாலுக்கு ஏற்ற ரப்பர் வருவதற்கு முன்பு செய்யப்பட்டவை. ஹோஸை விரலால் மடித்துப் பாருங்கள். மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ, கிளிப் அருகே ஊறிப் பிசுபிசுத்தாலோ உடனே மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டியில் கார்பரேட்டர் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். உதிரி பாகங்களுக்குத் திண்டாட்டம் இல்லை. 2019 வரை விற்ற ஆம்னியிலும் இதே 796 சிசி இன்ஜின்தான், கேஸ்கெட் செட்டும் ரிங் செட்டும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கின்றன.