பழைய ஆவணத்தில் இழிசொல்: மறைப்பதா, எச்சரிப்பதா, குறிப்பை மாற்றுவதா?

ஊர் வரலாறு சேர்க்கிற குழு எதுவானாலும், பழைய தாள்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றத் தொடங்கியதும் இந்தக் கேள்வி வந்துவிடும். நிலப் பதிவேடு, போலீஸ் பதிவேடு, மிஷன் அறிக்கை, பழைய பத்திரிகை என எதைப் புரட்டினாலும், இன்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பாயக்கூடிய சொற்கள் சாதாரணமாகக் கிடக்கின்றன. இதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. நான்கும் சமம் என்று நான் நினைக்கவில்லை.

முதல் வழி மறைப்பது. பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பார்களே என்ற அக்கறையில்தான் பலரும் கறுப்பு மை பூசச் சொல்கிறார்கள். ஆனால் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-ல் அனுப்பிய அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பிலேயே பறையர் என்ற சாதிப் பெயர் இருக்கிறது. அதைத் தொட்டுத்தான் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கிய பஞ்சமி நில ஆணை 1892-ல் வந்தது. பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடுகிறவருக்குப் பழைய பதிவேட்டில் பாட்டனின் பெயருக்கு அருகே நிற்கும் அந்தச் சொல்தான் சாட்சி. மை பூசினால் சாட்சியே போய்விடும். அந்தச் சாதியிலேயே பிறந்த தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தொடங்கிய பத்திரிகைக்கு ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். இழிவாகச் சொன்னதைத் தலைநிமிர்ந்து தலைப்பாக்கிய மனிதர் அவர். சொல்லைத் தேடித் தேடி அழிக்கிறவர்கள் அவருடைய பத்திரிகையையும் சேர்த்தே அழிப்பார்கள். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025-ல் சட்டமன்றத்தில் அறிவித்தது நல்ல காரியம். ஆனால் இன்றைய முகவரி வேறு, நூறு வருடத்துக்கு முந்தைய தாள் வேறு.

அடுத்தது, உள்ளதை உள்ளபடி விடுவது. கல்வெட்டுக்கு இதுதான் சரி. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜனின் கல்வெட்டு, வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் வரிசைப்படுத்துகிறது. தீண்டாமை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று வாதாடுகிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். அதில் ஓரெழுத்தைக்கூடத் தொடக்கூடாது. ஆனால் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த ஆங்கிலேய அதிகாரி தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலின் கதை வேறு. மூக்கின் அகலத்தை அளந்து மனிதர்களை வகைபிரித்தவர் அவர். அதிலிருந்து ஒரு படத்தை மட்டும் எடுத்து, அவர் எழுதிய விளக்கத்தோடு நம் பக்கத்தில் போட்டால் அது நம் குழுவின் பேச்சாகிவிடும். புத்தகத்தை விட்டுவிட்டுப் படம் மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றும்.

மூன்றாவது எச்சரிக்கைக் குறிப்பு. அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகம் இப்படிப் பொதுவான அறிவிப்பு வைத்தது. செலவில்லாத வழி. ஆனால் ‘புண்படுத்தும் சொற்கள் இருக்கலாம்’ என்று எல்லாப் பக்கத்திலும் ஒட்டினால் மூன்றாம் பக்கத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. யார், யாரை, எதற்காக அப்படிச் சொன்னார் என்றும் அது சொல்வதில்லை. ஆஸ்திரேலிய நூலகங்களின் எச்சரிக்கை இதைவிட மேல். இறந்தவர்களின் பெயரும் படமும் வரக்கூடும் என்று பழங்குடி மக்களுக்கு முன்கூட்டியே சொல்கிறார்கள். அங்கே யாருக்காக அந்தக் குறிப்பு என்பது தெளிவாக இருக்கிறது.

நான் கைகாட்டுவது நான்காவது வழியை: ஆவணத்தைத் தொடாமல், நாம் எழுதும் தலைப்பையும் விளக்கத்தையும் மட்டும் மாற்றுவது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2015-ல் இந்த வேலையைக் கையில் எடுத்தது. இழிசொல் உள்ள தலைப்புகளை மாற்றினார்கள். பழைய தலைப்பும் பதிவில் இருக்கிறது. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2021-ல், துல்சா நகரில் 1921-ல் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்றதைக் ‘கலவரம்’ என்று தன் நூற்பட்டியலில் வைத்திருந்த பொருள்தலைப்பைப் ‘படுகொலை’ என்று திருத்தியது.

பிறந்த சாதிக்காகவே மக்களைக் குற்றவாளிகளாகப் பதிந்த ஆங்கிலேயர் காலச் சட்டத்தில் சிக்கிய ஒரு குடும்பத்தின் படம் என்றால், நம் குழு ஒன்றின் பதிவு இப்படி இருக்கலாம். நம் தலைப்பு: ‘குற்றப் பரம்பரைச் சட்டத்தில் பதிவு செய்யப்பட்ட குடும்பம்’. மூலத் தலைப்பு: படத்தின் கீழ் இருந்தது, மேற்கோள் குறிக்குள், எழுதியவர் பெயரோடு. தேடுசொல்: பழையதும் புதியதும். தேடுசொல்லில் பழைய பெயரை விட்டுவிட்டால் பேரன் தேடும்போது பாட்டன் அகப்படமாட்டார்.

இந்த வழியும் தீர்க்காத ஒன்று உண்டு. 1911-ன் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கைரேகை எடுத்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைத்த மக்களின் பெயர்ப்பட்டியல் கையில் கிடைத்தால் என்ன செய்வது? அதை எதிர்த்துத்தான் 1920-ல் பெருங்காமநல்லூரில் பதினாறு பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் ஒழிந்தது. பட்டியலில் உள்ளவர்களின் பேரப்பிள்ளைகள் அதே ஊர்களில் இருக்கிறார்கள். இங்கே வெறும் சொல்லை மாற்றிப் பயனில்லை. பெயருள்ள பக்கங்களைப் பொதுவில் ஏற்றாமல், குடும்பத்தார் கேட்டால் காட்டுவதுதான் முறை. எதை ஏற்றலாம் என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அந்தத் தெருக்காரர்கள் இரண்டு பேராவது உட்கார வேண்டும், கருத்துச் சொல்ல மட்டுமல்ல, வேண்டாம் என்று தடுக்கவும் உரிமையோடு.

ஆள் பலமும் பணமும் இல்லாத குழுவால் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்த முடியாது. படங்களின் விளக்கத்தில் தொடங்குங்கள். தனியே பிய்ந்துபோய்ச் சுற்றுவது அவைதான். பதிவேடுகள் ஓராண்டு காத்திருக்கும்.