காடு விற்ற பணத்தை எங்கே போடுவது? தண்டுவடச் சிகிச்சைகள்: ஓர் ஒப்பீடு

தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், கட்டடச் சாரம் சரிந்து கீழே வந்தவர், பைபாஸில் பைக்கோடு தூக்கி வீசப்பட்டவர். பொள்ளாச்சியிலிருந்து நாமக்கல் வரை எந்த ஊரிலும் இப்படித் தண்டுவடம் அடிபட்டு நடை இழந்தவர் ஒருவராவது இருப்பார். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய கொஞ்ச நாளில் பேச்சு கிளம்பிவிடும்: "அரை ஏக்கரா காட்டை வித்தாச்சும் பையனை நடக்க வெச்சுரோணும்." காடு என்றால் இந்தப் பக்கத்தில் விவசாய நிலம். சரி, விற்கலாம். எதில் போடுவது? ஒரு மாமா ஸ்டெம் செல் என்பார், ஒரு சித்தப்பா யூடியூபில் பார்த்த மின்தூண்டலைச் சொல்வார், இன்னொருவர் ரோபோ என்பார். பிசியோ மட்டும் போதும் என்று சொல்பவர் பேச்சை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

ஒப்பிடுவதற்கு முன்னால் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். அடி எந்த மட்டத்தில் என்று அதில் இருக்கும். பக்கத்தில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் இருக்கலாம். ஏ என்றால் அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. டி என்றால் ஓரளவு வலுவோடு அசைவு மிச்சம் இருக்கிறது. அந்த எழுத்து தெரியாமல் எந்தச் செய்தியைப் படித்தும் பயனில்லை. செய்தியில் நடந்து காட்டுபவரும் நம் வீட்டுப் பையனும் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முதலில் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல். ஜப்பான் 2018 டிசம்பரில் ஸ்டெமிராக் என்ற சிகிச்சைக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல் எடுத்துப் பெருக்கி, ரத்தக்குழாய் வழியாகத் திருப்பி ஏற்றுவது. ஆதாரமாகக் காட்டியது வெறும் 13 பேர். ஒப்பிட்டுப் பார்க்க, ஊசி போடாத குழு ஒன்று கிடையாது. அடிபட்ட முதல் சில மாதங்களில் பலருக்குத் தானாகவே கொஞ்சம் திரும்பும். அதனால் தேறியது செல்லாலா, உடம்பின் போக்கிலா என்று பிரிக்க முடியாது. நேச்சர் அறிவியல் இதழ் அப்போதே இதைக் கண்டித்து எழுதியது. அதைவிடக் கவனமாக நடந்தது டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகச் சோதனை. ஐபிஎஸ் செல்லிலிருந்து (சாதாரணச் செல்லை மாற்றி ஸ்டெம் செல் போல ஆக்கியது) வளர்த்த, நரம்புச் செல்லாகக்கூடிய 20 லட்சம் முன்செல்களை, அடிபட்ட சில வாரங்களுக்குள் தண்டுவடத்திலேயே வைத்தார்கள். நான்கு பேருக்குச் செய்த இதன் முடிவு 2025 மார்ச்சில் வந்தது: ஒருவர் எழுந்து நின்றார், இன்னொருவருக்குக் கைகால் ஓரளவு அசைந்தது, மற்ற இருவருக்குப் பெரிய மாற்றமில்லை. பெரிய கெடுதல் எதுவும் நேரவில்லை என்பதுதான் அந்த ஆராய்ச்சியின் முதல் வெற்றி.

இங்கே லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஊசி போடும் இடங்களின் கதை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர ஸ்டெம் செல் எல்லாம் சோதனை நிலைதான். சோதனையில் சேருபவரிடம் காசு வாங்கக் கூடாது. "ஆராய்ச்சி" என்று சொல்லிக்கொண்டே பில் நீட்டினால் அங்கேயே எழுந்துவிடலாம். இந்த நான்கில் காட்டை விழுங்கக்கூடியது இதுதான் என்பது என் முடிவு.

அடுத்தது மின்தூண்டல், அதாவது தண்டுவடத்துக்கு லேசான கரண்ட் கொடுத்து எழுப்பிப் பார்ப்பது. இதில் இரண்டு வகை. ஒன்று, முதுகெலும்புக்குள் மின்முனைப் பட்டையை அறுவை செய்து பதிப்பது. அமெரிக்காவின் லூயிவில்லில் 2011-ல் கிடைத்த முதல் பலனுக்குப் பிறகு, 2018-ல் லூயிவில், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை, சுவிட்சர்லாந்தின் லோசான் ஆகிய மூன்று குழுக்களும் அடுத்தடுத்துச் சிலரை நடக்கவைத்துக் காட்டின. 2023-ல் லோசான் குழு மூளையிலும் கருவி பதித்து, அந்தச் சமிக்ஞையைத் தண்டுவடத்துக்கு அனுப்பியது. 2011-ல் சைக்கிள் விபத்தில் அடிபட்ட கெர்ட்-யான் ஓஸ்கம் என்ற டச்சுக்காரர் நினைத்தபடி காலெடுத்து வைத்தார், படியும் ஏறினார். பிரமிப்புதான். ஆனால் அவருடையது முழுதாக அறுபடாத அடி. அதற்கு முன்பே தூண்டல் சோதனையில் இருந்தவர். கூடவே மாதக்கணக்கில் கடும் பயிற்சி.

நம் ஊர்க் கிணற்று மோட்டாரை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். காலை அசைக்கும் நரம்பு வலை, தண்டுவடத்தின் அடிப்பகுதியில் இருக்கும் மோட்டார் மாதிரி; மூளையிலிருந்து வருவது கரண்ட் லைன். லைன் அறுந்து மோட்டார் நன்றாக இருந்தால் வெளியிலிருந்து கரண்ட் கொடுத்துப் பார்க்கலாம். மோட்டாரே எரிந்திருந்தால்? உயரத்திலிருந்து விழுபவர்களுக்கு அடிக்கடி உடைவது நெஞ்சும் இடுப்பும் சேரும் எலும்பு. தண்டுவடம் முடியும் இடமும் அதுதான். அங்கே அடிபட்டுக் கால்கள் விறைப்பில்லாமல் தொளதொளவென்று கிடந்தால், தூண்டலுக்கு வாய்ப்புக் குறைவு. மரமேறி விழுந்தவர் வீட்டில் இதை டாக்டரிடம் நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது வகை, தோல்மேல் ஒட்டும் மின்முனை. ஆர்க்-எக்ஸ் என்ற கருவியின் சோதனை முடிவு 2024 மே மாதம் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. கழுத்தில் அடிபட்டு, உணர்வோ அசைவோ கொஞ்சம் மிச்சமிருந்த 60 பேருக்கு இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு தூண்டல். 72 சதவீதம் பேருக்குக் கையின் வலுவும் வேலைத்திறனும் கூடின. அடிபட்டு 34 ஆண்டு ஆனவரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. 2024 டிசம்பரில் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. இதிலும் தனியாக ஒப்பீட்டுக் குழு இல்லை என்ற குறை உண்டு. இருந்தாலும் கத்தி வைக்காமல், பழைய அடிக்கும், கைக்கு உதவுகிறது. மொத்தத்தில் நான் கண் வைத்திருப்பது இதன் மேல்தான். கால் வராதே என்பவர்களுக்கு ஒரு தகவல்: 2004-ல் அமெரிக்காவில் 681 பேரிடம் எது முதலில் திரும்ப வேண்டும் என்று கேட்டார்கள். கழுத்தில் அடிபட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கை என்றார்கள். கால் மட்டும் போனவர்கள் அதிகம் சொன்னது தாம்பத்தியம். சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இரு சாராருமே முன்வரிசையில் வைத்தார்கள். நடை முதலிடத்தில் இல்லை. இதைச் சொந்தக்காரர் கூட்டத்தில் யாராவது சொல்லிவிட முடியுமா?

ரோபோவைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். உடம்பில் மாட்டிக்கொள்ளும் ரீவாக் கருவிக்கு 2014-லேயே அமெரிக்க அனுமதி உண்டு. நம் பக்கத்துக் கேரளத்தில் ஜென்ரோபாடிக்ஸ் நிறுவனம் ஜி-கெய்ட்டர் என்ற நடைப்பயிற்சி இயந்திரம் செய்திருக்கிறது. மையத்தில் போய்ப் பயிற்சி எடுக்கலாம், கெடுதல் இல்லை. கழற்றினால் நடை போய்விடும். சொந்தமாக வாங்குவதற்கு விலையும் கட்டாது, வரப்பில் போகவும் முடியாது.

கடைசியாக, யாருக்கும் பிடிக்காத சாதாரண மறுவாழ்வுப் பயிற்சி. செய்தியில் வராது, ஆனால் ஆளை உயிரோடு வைத்திருப்பது இதுதான். ஒரு காலத்தில் தண்டுவடம் போனவர்களைப் பெரும்பாலும் கொன்றது சிறுநீரகக் கோளாறும் படுக்கைப் புண்ணும். நிரந்தர டியூபும் யூரின் பேக்குமாக விட்டால் கல்லும் கிருமியும் சேரும். கை நன்றாக இருப்பவர் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே டியூப் விட்டுச் சிறுநீரை எடுக்கப் பழகிவிட்டால், யாரையும் எதிர்பார்க்காமல் திருப்பூருக்கு வேலைக்கே போகலாம். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, நாற்காலியில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது உடம்பைத் தூக்கிக்கொள்வது, நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீர்த் தலைவலியும் வியர்வையும் வந்தால் டியூப் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது: இதெல்லாம் வாரத்துக்கு ஒருநாள் வந்துபோகும் பிசியோவால் ஆகாது. தங்கிப் படிக்க வேண்டிய பாடம். அறுவை சிகிச்சைக்குக் கோவையே போதும். கங்கா மருத்துவமனைக்கு வெளிநாட்டு டாக்டர்கள் கற்றுக்கொள்ள வருகிறார்கள். தங்கிப் பயில வேலூர் சிஎம்சி இருக்கிறது. 1954 விபத்தில் தானே நடை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966-ல் தொடங்கிய பிரிவு அது. தெற்கே போக முடிந்தால் ஆய்க்குடி அமர் சேவா சங்கம். 1975-ல் தண்டுவடம் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. "அத்தனை தூரம் போயி வெறும் நாற்காலில உக்காரவா?" என்று கேட்பார்கள். ஆமாங்க, அதற்குத்தான்.

நாற்காலியிலும் வித்தியாசம் உண்டு. மடக்கும் ஆஸ்பத்திரி நாற்காலி, தள்ள ஓர் ஆளைக் கேட்கும். ஐஐடி மெட்ராஸின் நியோஃப்ளை, உடம்பின் அளவுக்குச் செய்து தருவது. அதோடு மாட்டும் நியோபோல்ட் மோட்டார் ஒரு சார்ஜில் 25 கிலோமீட்டர் வரை போகும். 2021-ல் வந்தபோது முன்னது 39,900 ரூபாய், பின்னது 55,000. அப்போது இரண்டும் சேர்ந்தே ஒரு லட்சத்துக்குள். அதற்குக் காட்டை விற்க வேண்டியதில்லை. தங்கிப் படிக்கும் செலவுக்கும் நல்ல மெத்தைக்கும் குஷனுக்கும் மிச்சப் பணத்தை வைத்துக்கொள்ளலாம். அப்புறம் கொத்தனார். பழைய தோட்டத்து வீடுகளில் பொடக்காணிக்கு, அதாவது குளியலறைக்கு, வாசற்படி ஒரு முழ உயரம் இருக்கும், கதவு இரண்டடி அகலம். படியை இடித்துச் சரிவு போட்டு, கதவை மூன்றடியாக்கி, சுவரில் ஒரு கம்பி பதிக்கச் சொல்லுங்கள். பையன் வேலூரிலிருந்து திரும்புவதற்குள் அந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.