திறக்காத சூப்பர்சார்ஜருக்கு 6,800 திர்ஹாம் பில்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், சூப்பர்சார்ஜர் (இஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளி இழுவையைக் கூட்டும் சாமான்) வேலையில் கில்லாடி என்று போர்டு மாட்டியிருக்கும் ஒரு கராஜில் மார்ச் மாதம் என் வண்டியை விட்டேன். பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள், 6,800 திர்ஹாம் வாங்கினார்கள். அந்த சூப்பர்சார்ஜரை அவர்கள் திறக்கவே இல்லை என்பது எனக்கு ஜூன் மாதம்தான் தெரிந்தது. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரை கராஜின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் காட்டிய வித்தையை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். வேறு போர்டுக்குக் கீழேயும் இதே வித்தை நடக்கும்.

வண்டி 2013 மாடல் மஸ்டாங் ஜிடி, 5 லிட்டர் வி8. கம்பெனியிலிருந்து வரும்போது இதில் சூப்பர்சார்ஜர் கிடையாது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் வெளியில் கிட் வாங்கிப் போட்டது. உள்ளே இருப்பது ஈட்டன் டிவிஎஸ் 2300. (டிவிஎஸ் என்றதும் எனக்கு மதுரைதான் ஞாபகம் வந்தது. இது வேறு, 'ட்வின் வோர்ட்டிசஸ் சீரிஸ்' என்பதன் சுருக்கம்.) ஒரு சுற்றுக்கு 2.3 லிட்டர் காற்றைத் தள்ளும். நான்கு இதழ் கொண்ட இரண்டு ரோட்டார்கள் முறுக்கிய கயிறு மாதிரி பின்னிக்கொண்டு, ஆனால் ஒன்றையொன்று தொடாமல் சுற்றும். அப்படித் தொடாமல் பார்த்துக்கொள்பவை முன்பக்கம் தனி எண்ணெயில் ஓடும் இரண்டு பல்சக்கரங்கள். பெல்ட் சுற்றுகிற புல்லிக்கும் அந்தப் பல்சக்கரங்களுக்கும் நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு கப்ளர் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன சாமான். என் பணம் போனது அதன் பெயரைச் சொல்லாமல்தான்.

சத்தம் ஜனவரியில் ஆரம்பித்தது. காலையில் பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் ஸ்டார்ட் செய்தால் ஐட்லிங்கில் கடகடவென்று வரும். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து 1,500 ஆர்பிஎம் தாண்டினால் காணாமல் போய்விடும். காலை எடுத்தால் மறுபடி கடகட. இழுவையில் ஒரு குறையும் இல்லை. சூப்பர்சார்ஜருக்கென்றே உள்ள அந்த 'ஊய்ங்' வேறு விஷயம், அதற்காகத்தானே ஆசைப்பட்டு வாங்கியது.

கராஜ் முதலாளி நம் ஊர்க்காரர். பேச்சில் ஊர் வாடை அடித்ததுமே நான் பாதி விழுந்துவிட்டேன். பானெட்டைத் திறந்தார், பத்து விநாடி காது கொடுத்தார், அவ்வளவுதான். "தம்பி, பின்பக்க பேரிங் போச்சு. ரோட்டார் கேஸிங்ல இடிக்குது. இப்படியே ஓட்டினா அலுமினியத் தூள் நேரா இஞ்சினுக்குள்ள போயிரும். அப்புறம் இஞ்சினையே இறக்கணும்."

ரோட்டார் உண்மையிலேயே உரசினால் அந்தத் தூள் சிலிண்டருக்குத்தான் போகும், அதில் பொய் இல்லை. ஆனால் உரசுகிறதா என்று பார்க்க அவர் ஒரு போல்ட்டைக்கூட கழற்றவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. ரீபில்டுக்கு, அதாவது முழுசாகப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றிக் கோர்க்க, அனுப்ப வேண்டும் என்றார். சரி என்றேன்.

பதினெட்டு நாள் கழித்து எடுக்கப் போனபோது வண்டி பூனை மாதிரி நின்றது. பில் என்று கையில் எழுதிய ஒரு தாள். 'ரியர் பேரிங் 2, சீல், ரீபில்ட் லேபர்' என்று மூன்று வரி, கீழே தொகை. வாட் வரிக் கணக்கும் இல்லை, டிஆர்என் என்கிற வரிப் பதிவு எண்ணும் இல்லை. பழைய சாமானைக் கேட்டேன். துரு ஏறிய பால் பேரிங் ஒன்றை செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். இரண்டு மாற்றியதாக பில், கையில் வந்தது ஒன்று. அதையும் கேட்கவில்லை.

மூன்று வாரம் நிம்மதி. பிறகு சத்தம் திரும்பியது, ஆனால் தலைகீழாக. காலையில் அமைதி, மதிய வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டி சிக்னலில் நின்றால் கடகட. போன் செய்தால் முதலில் "ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க, செட் ஆயிரும்". அப்புறம் "யூனிட்டே வீக்கு தம்பி, புதுசு 14,000 ஆகும்".

அதன் பிறகுதான் ஒரு நண்பர் தன் மெக்கானிக்கிடம் அனுப்பினார். மலையாளி சேட்டன், ஒரே ஆள், ஒரே ஷட்டர். அரை மணி நேரத்தில் அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், இதற்காகத்தான் இந்தப் பதிவே.

வண்டி சூடாக இருக்கும்போதே பெல்ட்டைக் கழற்றினார். ஸ்டார்ட் செய்தார். சத்தம் இல்லை. அப்படியானால் இஞ்சின் சுத்தம், பெல்ட் ஓட்டுகிற ஏதோ ஒன்றுதான். (என் வண்டியில் வாட்டர் பம்ப்பும் ஆல்டர்னேட்டரும் அதே பெல்ட்டில் ஓடுகின்றன. அவர் ஒரு நிமிடம் கூட ஓட விடவில்லை. நீங்களும் விடாதீர்கள்.) பெல்ட்டுக்கு வழி காட்டும் ஐட்லர் புல்லிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிவிட்டார். ஒன்று மட்டும் மணல் அரைப்பது போலக் கரகரத்தது. "இது மாத்தணும், ஆனா கள்ளன் இது அல்ல" என்றார்.

அடுத்து சூப்பர்சார்ஜர் புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார், முன்னும் பின்னும் இழுத்தார். அசையவில்லை, அந்தப் பக்கம் பேரிங் உறுதி. பிறகு இடவலமாகத் திருப்பினார். ரோட்டாரின் கனம் கையில் ஏறுவதற்கு முன்னாலேயே புல்லி சும்மா கொஞ்சம் போய் 'டக்' என்று நின்றது. என் கையையும் வைத்துத் திருப்பச் சொன்னார். ஐட்லிங்கில் நான் கேட்ட சத்தம் விரல் நுனியில் தட்டியது. கப்ளர். ஐட்லிங்கில் இஞ்சின் சுழற்சி சீராக இராது, அந்த இடைவெளிக்குள் முன்னும் பின்னும் தட்டிக்கொண்டே இருக்கும். வேகம் ஏறினால் ஒரே பக்கம் அழுந்திவிடும், சத்தம் நின்றுவிடும்.

காற்று உள்ளே போகிற வாசலான த்ராட்டில் பாடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். ரோட்டார் மேல் பூசிய கருமை அப்படியே இருந்தது. கேஸிங்கில் ஒரு கீறல் இல்லை. அப்புறம் சூப்பர்சார்ஜரில் புல்லி இருக்கும் முன்பக்க மூக்குப் பகுதியின் போல்ட்டுகள். இறுக்கியதற்கு அடையாளமாகக் கிட் செய்த இடத்தில் போட்ட மஞ்சள் பெயிண்ட் கோடு, போல்ட் தலையில் ஆரம்பித்து கேஸிங் வரை, எல்லாவற்றிலும் உடையாமல் நேராக இருந்தது. போல்ட் தலைக் குழிக்குள் பழைய தூசி.

"இது தொறந்திட்டே இல்லல்லோ!" என்றார் சேட்டன். வீடியோ எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தார்.

எண்ணெய் ப்ளக்கில் மட்டும் புதிதாக ஸ்பேனர் கடித்த தடம். அதைத் திறந்ததும் எண்ணெய் வழிந்தது, அளவுக்கு மேல். அதுவும் தேன் மாதிரி கம்பி இழுத்தது. இதற்கான எண்ணெய் தண்ணீர்போல இளசாக இருக்கும். கெட்டி எண்ணெயைக் கொட்டி சத்தத்தை அமுக்கியிருக்கிறார்கள். ஆறியிருக்கும்போது அமுங்கும், சூட்டில் இளகியதும் வெளியே வரும். மதியக் கடகடவின் ரகசியம் அதுதான். செய்தித்தாள் பேரிங்கைக் காட்டினேன். பின்பக்கம் இருப்பது உருண்டைக்குப் பதில் மெல்லிய உருளைகள் கொண்ட ஊசி பேரிங், இது எந்த ஆல்டர்னேட்டரில் கிடந்ததோ என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூக்கைக் கழற்றி எடுத்த கப்ளரில் வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. தேய்கிற சாமான், தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். புது கப்ளர், சரியான எண்ணெய், ஐட்லர், கூலி எல்லாம் சேர்த்து 850 திர்ஹாம். மதியமே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வீடியோவோடு பழைய கராஜுக்குப் போனேன். "அந்த ஆளே பெயிண்ட் பூசியிருப்பான்" என்றார் முதலாளி. இந்த முறை தம்பி இல்லை, 'சார்'. டிஆர்என் இல்லாத அந்தத் தாளையும் வீடியோவையும் வைத்து நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் பதிந்து ஒன்பது நாள் ஆகிறது.

'ரீபில்ட்' என்று சொல்லி யாராவது உங்கள் வண்டியை இப்போது வைத்திருந்தால், இன்றே போய் மூக்கு போல்ட்டுகளைக் கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். பெயிண்ட் கோடு இல்லாவிட்டால் ஒரு மார்க்கர் வாங்கி நீங்களே போடுங்கள், இரண்டு திர்ஹாம்தான்.