இரண்டாவது மெஷினாக நான்கு நூல் ஓவர்லாக்

ஜிக்ஜாக் வசதியுள்ள தையல் மெஷின் ஒன்று வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, இரண்டாவதாக வாங்குவது அதைவிட அதிகப் பூத்தையல்கள் போடும் இன்னொன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. எத்தனை வகைத் தையல் இருந்தாலும் அன்றாடம் கைகொடுப்பவை நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் காஜாவும்தான். முதல் மெஷினால் முடியாததைச் செய்வதற்காகவே இரண்டாவதை வாங்க வேண்டும் என்று எண்ணி, நான்கு நூல் ஓவர்லாக் மெஷினைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வில் எனக்கு முழு நிறைவு.

இதில் பாபின் கிடையாது. இரண்டு ஊசிகளும், நூலை ஏந்திச் செல்லும் வளைந்த கைகளான இரண்டு லூப்பர்களும் சேர்ந்து தையலைப் பின்னுகின்றன. அதற்குச் சற்று முன்பே கத்தி பிசிறை நறுக்கிவிடுவதால், துணிகளை இணைப்பதும் ஓரம் அடிப்பதும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடுகின்றன. சட்டையைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கத்தில் ஒரு நூல்கூடத் தொங்குவதில்லை.

வாங்கும்போது விட்டுக்கொடுக்கக் கூடாதது டிஃபரன்ஷியல் ஃபீட். துணியை நகர்த்தும் பற்கள் இதில் முன்னும் பின்னுமாக இரண்டு தொகுதிகளாக இருக்கும். பனியன் துணி தைக்கையில் அளவை 1-க்கு மேல் வைத்தால், முன்பற்கள் பின்பற்களைவிட அதிகமாகத் துணியைத் தள்ளுவதால், ஓரம் இழுபட்டு அலை அலையாக நெளிவதில்லை. மெல்லிய துணி சுருங்கினால் அளவை 1-க்குக் கீழே குறைக்க வேண்டும். பல மாடல்களில் இது 0.7 முதல் 2 வரை இருக்கிறது.

பலரும் தயங்குவது நூல் கோப்பதற்குத்தான். மேல் லூப்பர், கீழ் லூப்பர், கடைசியாக ஊசிகள் என்ற வரிசையைப் பிடித்துக்கொண்டால் அச்சம் விலகிவிடும். கீழ் லூப்பர் நூல் அறுந்தால் அதை மட்டும் கோத்துவிட்டுத் தைக்கத் தொடங்கக் கூடாது. ஊசி நூல்களையும் உருவிவிட்டு மறுபடி கோக்காவிட்டால் அது திரும்பவும் அறுந்துபோகும். நிறம் மாற்றும்போது பழைய நூலைக் கண்டுக்கருகில் வெட்டி, புதிய நூலை அதனுடன் முடிச்சிட்டு இழுத்துக்கொள்ளலாம். ஊசித் துளைக்கு முன் முடிச்சை வெட்டிவிட வேண்டும்.

குறைகளும் உண்டு. காஜாவும் ஜிப்பும் இதில் வராது. நூல் மிக அதிகமாகச் செலவாகும். குண்டூசியை எடுக்க மறந்தால் கத்தியின் கூர் போய்விடும். திரைச்சீலை, பை, ஜீன்ஸ் ஆகியவற்றையே பெரும்பாலும் தைப்பவர்களுக்கு, கனத்த துணியைத் தாங்கும் நேர்த்தையல் மெஷினே கூடுதல் பயன் தரும்.

கடைக்குச் செல்லும்போது வீட்டிலிருந்தே பனியன் துணியிலும் மெல்லிய துணியிலும் துண்டுகள் கொண்டுசெல்லுங்கள். விற்பவர் தைத்துக் காட்டியதோடு நிறைவடையாமல், கீழ் லூப்பரின் நூலை உருவச் சொல்லி நீங்களே ஒருமுறை கோத்துத் தைத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.