கையெழுத்து வைக்க இரண்டு நிமிடம்: பிரித்தானியப் பாராளுமன்ற மனுச் சேவை

ஐந்துக்கு மூன்று. பாவிக்க லேசு என்பதற்காக மூன்று, அதை நம்பிப் படுத்துறங்க முடியாது என்பதற்காக இரண்டைக் கழித்துவிட்டேன்.

பாராளுமன்றத்துக்கு மனுப் போடும் இந்தத் தளத்தை நான் முதன்முதலாகத் திறந்தது 2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்ற வாக்கெடுப்பின் முடிவை இரவு முழுக்கக் கண்முழித்துப் பார்த்து, விலகுவோம் 51.9 வீதம், இருப்போம் 48.1 வீதம் என்று வந்து, இருப்போம் பக்கத்தில் நின்ற பிரதமர் கமரனும் வாசலுக்கு வந்து பதவி விலகப்போவதாகச் சொல்லிவிட்டுப் போன காலை. என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணியோடு இருந்தபோது அக்காவின் மகள் இன்னொரு வாக்கெடுப்புக் கேட்கும் மனுவின் லிங்க் ஒன்றை அனுப்பினாள். அதை அழுத்தியது நான் மட்டுமில்லை. அன்று சனம் மொய்த்ததில் தளமே விழுந்துபோனது பெரிய செய்தியாக வந்தது.

வேலை செய்யும் விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயர், மின்னஞ்சல், தபால் குறியீடு, நான் பிரித்தானியக் குடிமகன் அல்லது இங்கே வசிப்பவன் என்று ஒரு டிக், அவ்வளவுதான். கணக்குத் திற, பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து வை என்றெல்லாம் உயிரை எடுப்பதில்லை. ஆனால் மின்னஞ்சலுக்கு வரும் லிங்கை அழுத்தி உறுதிசெய்தால்தான் கையெழுத்து எண்ணப்படும், இதைப் பலபேர் மறந்துவிடுகிறார்கள். 10,000 கையெழுத்துக்கு அரசாங்கம் பதில் எழுதும், 100,000 வந்தால் பாராளுமன்றம் விவாதத்துக்கு எடுப்பதைப் 'பரிசீலிக்கும்'. அந்தப் பரிசீலிக்கும் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள்.

நான் கையெழுத்து வைத்த மனு கேட்டது இதுதான்: வாக்களித்தவர்கள் 75 வீதத்துக்குக் குறைவாகவும், வென்ற பக்கம் 60 வீதத்துக்குக் குறைவாகவும் இருந்தால் இன்னொரு வாக்கெடுப்பு வேண்டும். வாக்களித்தது 72.2 வீதம், எனவே இரண்டு கணக்கும் பொருந்தியது. இதில் பகிடி என்னவென்றால், மே மாதமே அந்த மனுவைப் போட்டவர் விலகுவோம் பக்கத்து ஆள். தன் பக்கம் தோற்கும் என்று நினைத்துப் போட்டு வைத்திருக்கிறார், கடைசியில் மற்றப் பக்கத்துச் சனம் வந்து அதை நிரப்பிவிட்டது. 41 இலட்சத்தைத் தாண்டியது. நடுவில் கள்ளக் கையெழுத்தும் புகுந்தது. எண்ணூறு பேர் மட்டில் இருக்கிற வத்திக்கானிலிருந்து 39,000க்கு மேல்! மொத்தம் 77,000 அளவில் பிடித்து நீக்கினார்கள். ஒரு டிக்கை நம்பி நடத்தினால் அப்படித்தான், ஆனாலும் பிடித்ததையும் நீக்கியதையும் வெளியில் சொன்னார்கள், அதற்கு ஒரு புள்ளி கொடுக்கலாம்.

பதில் ஜூலையில் வந்தது. வெளிநாட்டமைச்சின் பெயரில். சுருக்கம்: இது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை நடக்கும் வாக்கெடுப்பு, முடிவை மதிக்க வேண்டும், போய்வாருங்கள். சரி, அதையாவது மரியாதையாகச் சொன்னார்களே என்று நினைத்துக்கொண்டிருக்க, ஒரு கிழமை போகவில்லை, 13ஆம் தேதி தெரேசா மே பிரதமராக வந்து அதே வெளிநாட்டமைச்சை, விலகுவோம் பக்கத்துக்கு முன்னால் நின்ற பொரிஸ் ஜோன்சனிடம் கொடுத்தார். பிரெக்ஸிட்டுக்கு, அதாவது அந்த விலகல் வேலைக்கு, டேவிட் டேவிஸ், வெளிநாட்டு வர்த்தகத்துக்கு லியம் ஃபொக்ஸ், நிதியமைச்சர் ஒஸ்போர்ன் வெளியே, அடுத்தநாள் நீதியமைச்சர் மைக்கல் கோவும் வெளியே. லண்டன் ஒலிம்பிக் நேரம் மேயராக இருந்த பொரிஸ் கையில் இரண்டு கொடியோடு கம்பியில் தொங்கிய படத்தைத்தான் அன்றிரவு எங்கள் குடும்ப வட்ஸப்பில் மாற்றி மாற்றி அனுப்பினார்கள்.

அக்காவின் மகள் உடனே அவரை நீக்கச் சொல்லி மனுப் போட இறங்கினாள். விதியை வாசித்துவிட்டுத்தான் நின்றாள்: ஒருவருக்கு வேலை கொடு, ஒருவரை வேலையிலிருந்து எடு என்று கேட்கும் மனுக்களை இந்தச் சேவை ஏற்காது. நிராகரித்த மனுக்களைக் காரணத்தோடு தனியாக ஒரு பட்டியலில் போட்டு வைத்திருக்கிறார்கள். நேரம் போகாவிட்டால் போய் வாசியுங்கள், நாட்டின் மனநிலை அதில்தான் வடிவாகத் தெரியும்.

எனக்கு உண்மையில் பிடித்தது வரைபடம். எந்தத் தொகுதியில் எத்தனை பேர் வைத்தார்கள் என்று நிறம் கூட்டிக் குறைத்துக் காட்டும், தொட்டால் அந்த எம்.பி.யின் பெயரும் வரும். மாமா, அதாவது மனுசியின் அப்பா, இருப்பது சவுத் ரைஸ்லிப்பில். அப்போது அவருடைய எம்.பி.யே பொரிஸ்தான். பொரிஸ் அமைச்சரான அந்தப் புதன் இரவு அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, அந்த மனு இன்னும் திறந்தா கிடக்கு?"

"மாமா, நீங்கள் விலகத்தானே போட்டனீங்கள்?"

"அது கமரனுக்குப் போட்டது."

மனு ஆறு மாதம் திறந்திருக்கும், அதனால் போட்டுக் கொடுத்தேன். அவசரத்தில் அவருடைய மின்னஞ்சலில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். அது முழுக்க என் பிழை, தளத்தைச் சொல்லக்கூடாது. அடுத்த கிழமை பழைய மின்னஞ்சல்களைத் துப்பரவாக்கும்போதுதான் பார்த்தேன்.

செப்டெம்பர் 5இல் விவாதம் நடந்தது, பாராளுமன்றத்தின் பக்க மண்டபமான வெஸ்ட்மின்ஸ்டர் ஹோலில், சட்டத்தை மாற்றும் வாக்கெடுப்பு எதுவும் இல்லாத விவாதம். 2019இல், விலகலைத் தொடக்கிய 50ஆம் பிரிவு அறிவிப்பை இரத்துச் செய்யக் கேட்டு 61 இலட்சம் பேர் வைத்தபோதும் தளம் விழுந்தது, ஏப்ரல் 1இல் பேசினார்கள், பதில் மாறவில்லை. அந்தச் செப்டெம்பர் விவாதத்தை மாமா ரிவியில் முழுவதும் இருந்து பார்த்தார், யாராவது 41 இலட்சம் என்று சொன்னபோதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.